செந்நாயகக் கசப்பு

ஆஸ்பத்திரிக் கிணற்றடியில், வாளித் தண்ணீரில் காலை வெயில் தளும்புகிறது. தென்னை மறைவில் குந்தியிருக்கும் பூங்கனி, மார்பில் பூசியிருந்த செந்நாயகத்தைச் சவுக்காரம் போட்டுத் தேய்க்கிறாள். பழைய பால்கட்டியைக் கீறிய தழும்பருகே புதிதாய்த் திரண்ட கட்டி புற்றேதான், தான் செத்துப் போய்விட்டால் பிள்ளை பாலுக்கு ஏங்கும் என்று பயந்து, பால் மறக்கடிக்கப் பூசிய கசப்பு. "புற்றுமில்ல, ஒண்ணுமில்ல. வெறும் வீக்கம். பிள்ளை குடிச்சா வத்தீரும்" என்று சற்றுமுன்தான் டாக்டரம்மா சிரித்தார். "போதும்ட்டி, தோலு உரிஞ்சிரும்" என்று கணவன் ஆபேல் பிள்ளையை நீட்டுகிறான். அது முகஞ்சுளித்துத் திரும்பிக்கொள்கிறது. பூங்கனி அதன் உதட்டில் ஒரு துளி பீச்சுகிறாள். சின்ன நாக்கு சந்தேகத்தோடு வெளியே வந்து நக்கிப் பார்க்கிறது. பிறகு ஒரே பாய்ச்சலாய்க் கவ்வுகிறது. வலியில் பல்லைக் கடித்துக்கொண்டே அவள் சிரிக்கிறாள். "மெள்ளலே மக்கா, அம்ம எங்கயும் போவல்ல."