மூன்றாவது மேசைக்காரர்கள்

"திரும்பிப் பார்க்காதீங்க. மூணாவது டேபிள்காரங்க நம்மளைத்தான் கவனிக்கறாங்க" என்றாள் சுபாஸ்ரீ, உதடு அசையாமல்.

தமிழ்ச்செல்வன் உடனே திரும்பிப் பார்த்தான். கல்யாணமான ஆறு வருஷத்தில் அவன் ஒரு தடவைகூட சொன்ன பேச்சைக் கேட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம். ஷாமீர்பேட் ஏரிப் பக்கத்து ரிசார்ட்டின் சாப்பாட்டு ஹால். மூன்றரை வயது ஆதர்ஷையும் ஒன்றரை வயது அக்ஷதாவையும் மூட்டை முடிச்சோடு அள்ளிக்கொண்டு, கொண்டாப்பூர் வீட்டிலிருந்து முந்தின நாளே வந்து இறங்கியிருந்தார்கள். ஆசைப்பட்டு வந்ததல்ல. எல்லாம் ஒரு விண்ணப்பப் படிவம் செய்த வேலை. ஆதர்ஷைச் சேர்க்க நினைத்த பள்ளி, வார இறுதியைக் குழந்தைகளோடு எப்படிக் கழிக்கிறீர்கள் என்று கேட்டிருந்தது. மாதம் ஒருமுறை இந்த ரிசார்ட்டுக்குப் போவோம், போனைத் தொடாமல் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவோம் என்று சுபாஸ்ரீ கூசாமல் எழுதிவிட்டாள். செவ்வாய்க்கிழமை நேர்காணல். அதற்குள் ஒரு தடவையாவது அதை உண்மையாக்கிவிட வேண்டும் என்றுதான் கிளம்பினார்கள்.

வந்த இடத்தில், அந்தப் பள்ளிக்கு விண்ணப்பித்த பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் வேறொரு செய்தி. எழுதியதெல்லாம் நிஜமா என்று பார்க்க, பள்ளி ஆள் அனுப்புகிறதாம். குடும்பம் மாதிரி வந்து பக்கத்து மேசையில் உட்கார்ந்து வேவு பார்ப்பார்களாம். குழந்தை கையில் போனைக் கொடுத்தால் சீட் போச்சு.

பள்ளிக்கூடக்காரர்களுக்கு வேறு வேலை இல்லையா என்று தமிழ்ச்செல்வன் கேட்டான்.

"இவன் வயித்துல இருந்தப்ப இருந்து அந்த ஸ்கூலையே நினைச்சுட்டு இருக்கறேன். கெடுத்துராதீங்க."

மூன்றாவது மேசையில் ஒரு கணவன், மனைவி, இஸ்திரி போட்ட சட்டையில் ஒரு பையன். மூவரும் விறைப்பாக உட்கார்ந்திருந்தார்கள். சந்தேகமே இல்லை, அவர்கள்தான்.

ஹாலும் அதிசயமாக அமைதியாக இருந்தது. சுற்றிலும் சின்னக் குழந்தைகள். ஒரு போனைக்கூடக் காணோம். அவரவர் பிள்ளைக்குக் கேரட்டின் பெருமையை மெல்லிய குரலில் விளக்கிக்கொண்டிருந்தார்கள். பெரிய இடத்துப் பழக்கம் போலிருக்கிறது என்று சுபாஸ்ரீ நினைத்துக்கொண்டாள்.

பிரியாணி வந்தது. அக்ஷதா தயிர்ப் பச்சடியில் கையை விட்டு, அம்மாவின் புது சுரிதாரில் ஐந்து விரலையும் பதித்தாள். சுபாஸ்ரீ சிரித்தாள். வீட்டில் என்றால் கூரை பறந்திருக்கும்.

அப்போதுதான் அது நடந்தது. மூன்றாவது மேசைப் பையன் சிணுங்க, அவன் அப்பா மேசைக்கு அடியில் ஒரு போனை நைசாக நீட்டினார்.

"பார்த்தீங்களா? அவங்களே போனைக் காட்டி நம்ம பையனைத் தூண்டி விடறாங்க. டெஸ்ட் வைக்கறாங்க."

ஆதர்ஷ் பார்த்துவிட்டான். "நாகு போன் காவாலி" என்று, தனக்கும் போன் வேண்டுமென்று பள்ளிக்கூடம் சேருமுன்பே பழகிவிட்ட தெலுங்கில் ஒரு கூச்சல் போட்டுவிட்டு, மேசைக்கு அடியில் போய் மல்லாந்து படுத்துக்கொண்டான். தமிழ்ச்செல்வனின் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. சுபாஸ்ரீ அந்தக் கையில் நறுக்கென்று கிள்ளினாள்.

பிறகு கைப்பையிலிருந்து பேனாவை எடுத்தாள். மேசையிலிருந்த டிஷ்யூ பேப்பரை உருவினாள். மேசைக்கு அடியில் குனிந்து, "உன் கோபம் அம்மாவுக்குப் புரியுது கண்ணா. உனக்கு ஒரு ஜேசிபி வரைஞ்சு தரட்டுமா?" என்றாள். இப்படி ஒரு குரல் மனைவியிடம் இருப்பது தமிழ்ச்செல்வனுக்கு அன்றுதான் தெரிந்தது.

ஜேசிபி வரைந்தாள். லாரி வரைந்தாள். ஹாலில் எந்தக் குழந்தை கத்தினாலும், தங்களுக்கு வைத்த அடுத்த சோதனையோ என்று நிமிர்ந்து அந்தக் குழந்தையையும் மூன்றாவது மேசையையும் ஒரு பார்வை பார்ப்பாள். மறுபடி குனிந்து வரைவாள். பன்னிரண்டு டிஷ்யூ தீர்ந்தபோது ஆதர்ஷ் எழுந்து உட்கார்ந்து, தயிர்சாதத்துக்கு வாயைத் திறந்தான். சுபாஸ்ரீக்கு எழுந்து ஆட வேண்டும் போல இருந்தது. பிரியாணி ஆறிப்போயிருந்தது, அதனால் என்ன, சீட் கிடைத்த மாதிரிதான்.

மூன்றாவது மேசைக்காரர் எழுந்தார். நேராக அவர்களை நோக்கி வந்தார்.

"நிமிர்ந்து உட்காருங்க" என்று கணவனை அதட்டிவிட்டு, பச்சடிக் கறையைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டாள்.

அவர் வந்து நின்றார். நெற்றியில் வியர்வை. சுபாஸ்ரீயின் கையிலிருந்த பேனாவையே பார்த்துக்கொண்டு பேசினார்.

"மேடம், நீங்க தமிழ் பேசினது காதுல விழுந்துச்சு. நாங்களும் தமிழ்தான், மல்காஜ்கிரியில இருக்கோம். ஹவ், ஆமாங்க, போன் குடுத்தது தப்புதான். ரெண்டே நிமிஷம். அதை மட்டும் ஸ்கூல் ரிப்போர்ட்ல எழுதிடாதீங்க. மாசாமாசம் இந்த ரிசார்ட்டுக்கு வர்றோம்னு குரூப்ல ஒரு பதில் சுத்துச்சு, நாங்களும் அப்படியே ஃபார்ம்ல காப்பியடிச்சிட்டோம். இன்னிக்குத்தான் முதல் தடவையா வர்றோம் மேடம்."

தானும் அதே குழுவில் பார்த்துத்தான் எழுதினேன் என்று சொல்ல வாயெடுத்த சுபாஸ்ரீ, அவர் தோளுக்குப் பின்னால் பார்த்தாள்: ஆளுக்கொரு குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, இன்னும் ஐந்து அப்பாக்கள் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள்.