மூடுபனியில் வந்த மாப்பிள்ளை

எரிகிற பந்தத்தோடு பெட்ரோல் குழாயை நெருங்கினார், தளத்தில் எடுபிடி வேலை பார்க்கும் கிழவர் ஆம்ப்ரோஸ்.

"யோவ் பெருசு, இன்னும் ஒரு அடி வச்சா சுட்டுப்புடுவேன்!" தள அதிகாரி ஃபெல்டன் கத்தினான்.

"சுடு. அப்புறம் நீயே பத்த வை."

இங்கிலாந்தில், லிங்கன்ஷயரின் அந்தப் போர் விமானத் தளத்தில் பெட்ரோலைக் கொளுத்துவது புதுசில்லை. ஓடுபாதையின் இரண்டு பக்கமும் குழாயில் பெட்ரோலைத் திறந்துவிட்டு எரித்தால், சூட்டில் மூடுபனி கிளம்பிப் போகும். ஜெர்மனியில் குண்டு போடப் போன விமானங்கள் தரை தெரிந்து இறங்கும். ஊருக்குள் ஒரு பாட்டில் பெட்ரோலுக்கு ஆயிரம் கேள்வி கேட்கிற சர்க்கார், இங்கே ஆறாய் ஓடவிட்டுக் கொளுத்தும்.

அன்று மத்தியானம் எல்லா விமானமும் வந்துவிட்டது, ஒன்றைத் தவிர. அதில்தான் ஆம்ப்ரோஸின் மருமகன் பெர்சி இருந்தான். தலைக்கு மேலே, பனிக்குள், ஏதோ ஒன்று சுற்றிச் சுற்றி முனகிக்கொண்டிருந்தது.

"ரேடியோவுல கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை வத்திப்போச்சு. பதிலே இல்ல. யாருன்னு தெரியாம தீ வச்சுத் தளத்தக் காட்டிக் கொடுக்க முடியாதுய்யா."

"அவன் வீட்லயே கூப்பிட்டா பதில் சொல்லமாட்டான். சோத்துக்கு மட்டும்தான் வாயத் திறப்பான். என் பொண்ணு நெறமாசமா இருக்கா. தள்ளு."

போன போரில் ஜெர்மன்காரனிடம் கைதியாய்க் கிடந்து, அவன் பாஷையும் கற்று, எவனையும் நம்பாதவராய்த் திரும்பியவர் ஆம்ப்ரோஸ். மாப்பிள்ளையையும் நம்பியதில்லை. ஆனாலும் பந்தத்தை நீட்டினார்.

பாதை நெடுகத் தீ எழுந்தது. பனி கிழிந்தது. விமானம் தடதடவென்று இறங்கி, புகைக்குள் ஓடிப்போய் நின்றது.

ஆம்ப்ரோஸ் விழுந்தடித்து ஓடி அதன் வயிற்றில் தட்டினார். "இறங்குடா தண்டச்சோறு! உன்னால நான் ஜெயிலுக்குப் போகப்போறேன்!"

பின்னாலேயே மூச்சிரைக்க வந்தான் ஃபெல்டன். "பெருசு! பக்கத்துத் தளத்துலேர்ந்து போன். உன் மாப்ள அங்க இறங்கி, உக்காந்து முட்டை தின்னுக்கிட்டு இருக்கானாம்!"

"அப்போ இது எவன்?"

கதவு திறந்தது. எண்ணெய் வழிகிற முகத்தோடு ஒரு பையன் குதித்து, ஆம்ப்ரோஸைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதான்.

"உசிரக் காப்பாத்தினீங்க பெரியவரே! ஜெர்மனியில இது எந்த ஊரு?"