பந்து இருந்த இடம்

பெயிண்டர் தன் கையால் பச்சை அடித்த ஜன்னல் கம்பிகளின் வழியே மதிய வெயில் அவர் மடியில் விழுகிறது. சாரத்திலிருந்து விழுந்து கழுத்துத் தண்டுவடம் நைந்த நாளிலிருந்து விரல்கள் சொன்ன பேச்சு கேட்பதில்லை; எதைத் தொட்டாலும் தெரிவதுமில்லை. முன்கையில் ஒட்டிய பட்டைகளிலிருந்து ஒயர்கள் ஸ்டூல் மேலிருக்கும் சின்னப் பெட்டிக்குப் போகின்றன. அதன் பொத்தானை அவரே முழங்கையால் அழுத்துகிறார். 'பீப்' என்கிறது பெட்டி. ஒயர் வழியே மின்சாரம் லேசாகப் பாய, விரல்கள் மெல்ல மடங்கி உள்ளங்கையிலிருக்கும் மஞ்சள் ஸ்பாஞ்சுப் பந்தைக் கவ்வுகின்றன. கொஞ்ச நேரத்தில் விட்டுவிடுகின்றன. "இன்னைக்கு நல்லாப் பிடிக்கிறீங்களே" என்கிறாள் துணி மடித்துக்கொண்டிருக்கும் மனைவி. "நானா பிடிக்கிறேன்? பேட்டரி பிடிக்குது." "யாரு பிடிச்சா என்ன, போங்க." அவர் அலுத்துப்போய்த் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொள்கிறார்.

தூங்கிவிட்டார் என்று நினைத்து அவள் பக்கத்தில் வந்து உட்கார்கிறாள். பந்தை எடுத்துக் கீழே வைக்கிறாள். உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டு, பந்து இருந்த இடத்தில் தன் கையை வைத்துப் பொத்தானை அழுத்துகிறாள். பீப். அவர் விரல்கள் அவள் கையை இறுகப் பிடிக்கின்றன, விடுகின்றன. மறுபடியும் அழுத்துகிறாள். இமை இடுக்கில் அவர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கிறார். பார்த்தால்தான் அவள் கை அங்கே இருப்பது அவருக்குத் தெரியும். கண்ணை முழுசாகத் திறந்தாலோ வெட்கப்பட்டு எடுத்துவிடுவாள். அந்த இடுக்கிலும் இப்போது நீர் கோத்து எல்லாம் கலங்குகிறது. துடைக்கக் கை இல்லை; அது அவளிடம் இருக்கிறது.