ஒன்றும் பண்ணாது

குடுவையைத் துடைத்துப் பார்த்தாள். மங்கல் போகவில்லை.

ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பினாள். அழுக்கு இல்லை. கண்ணாடியே அரிபட்டிருந்தது.

கண்ணாடியை அரிக்கும் அமிலம் எது என்று வேதியியல் படித்த யாருக்கும் தெரியும். இவள் முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறவள்.

நேற்று அந்தக் குடுவையைக் கழுவிக் கவிழ்த்தது செல்லக்கனி அக்கா.

ஆய்வகப் பாத்திரங்களும் துறையின் கழிப்பறைகளும் அக்கா பொறுப்பு. இரண்டுக்கும் வெறுங்கைதான். கையுறைப் பெட்டிகள் வந்திறங்கும் அன்றே ஆய்வு மாணவர்கள் ஆளுக்கொன்றை எடுத்துத் தங்கள் அலமாரியில் வைத்துப் பூட்டிக்கொள்வார்கள். அக்காவுக்கு என்று யாரும் எடுத்து வைத்ததில்லை. இவள் அலமாரியில் இரண்டு பெட்டிகள் இருக்கின்றன.

குடுவையில் இருந்தது அயனித் திரவம். தேன் மாதிரி ஒட்டும். வாடை கிடையாது, ஆவி கிடையாது, லேசில் தீப்பிடிக்காது. பசுமைக் கரைப்பான் என்று பெரிய சுவரொட்டி தயாரித்து ஒரு கருத்தரங்கில் பரிசுகூட வாங்கியிருக்கிறாள்.

அதன் பாதுகாப்புத் தாளில், நான்காவது பக்கத்தில், ஒரு வரி உண்டு. நீரோடு சேர்ந்து சூடானால் ஹைட்ரோபுளோரிக் அமிலம் உண்டாகலாம். கண்ணாடியை அரிப்பது அதுதான்.

படித்திருக்கிறாள். ஆய்வேட்டில் அடிக்குறிப்பாகவும் சேர்த்திருக்கிறாள்.

படித்து என்ன? எண்ணெய்ச் சட்டியில் சுடுதண்ணீர் ஊற்றி ஊறவைப்பார்களே, அதே நினைப்பில்தான் சனிக்கிழமை மிச்சத் திரவத்தில் தண்ணீர் விட்டு, மூடி, சூடேற்றியின் மேல் வைத்தாள். கழுவச் சுலபமாக இருக்கும் என்று. அணைக்க மறந்து ஊருக்குப் பஸ் ஏறினாள். திங்கட்கிழமை வந்து அணைத்தாள். அப்படியே அக்காவிடம் கொடுத்தாள்.

"கையில பட்டா எரியுமா பிள்ள?"

"ஒண்ணும் பண்ணாதுக்கா."

பேராசிரியர்கள் சொன்னால்கூட அக்கா ஒருமுறை சந்தேகமாகப் பார்ப்பாள். இவள் சொன்னால் சரி.

குடுவையை வைத்துவிட்டு வெளியே வந்தாள். அக்கா நடைக்கூடத்தில் துடைப்பத்தோடு நின்றிருந்தாள். வலக்கையை முந்தானையில் சுற்றியிருந்தாள்.

"கையைக் காட்டுங்கக்கா."

மூன்று விரல்களின் நுனி வெளுத்திருந்தது. நகத்தைச் சுற்றி வீங்கியிருந்தது.

"நேத்து பொழுது சாய வரைக்கும் ஒண்ணுமே தெரியல. பெறவுதான் கடுக்க ஆரம்பிச்சுது. உள்ள எலும்பப் போட்டுக் குடையுது பிள்ள."

அந்த அமிலத்தின் குணமே அதுதான். தொட்டபோது எரியாது. சதைக்குள் இறங்கி, எலும்பைத் தேடிப் போன பிறகுதான் வலி தெரியும்.

குழாயடியில் கையைக் காட்டச் சொன்னாள். வெகுநேரம் தண்ணீர் ஓடியது. முதலுதவிப் பெட்டியில் அந்த அமிலத்துக்கு மாற்றான கால்சியம் களிம்பு ஒரு டியூப் இருந்தது. அலமாரியைத் திறந்து, கையுறை மாட்டிக்கொண்டு பூசினாள்.

மாட்டிக்கொண்ட பிறகுதான் அது உறைத்தது. வெட்கமாக இருந்தது. ஆனாலும் கழற்றவில்லை.

"என்ன மருந்து இது?"

"கைக்குப் பூசுறதுக்கா."

"நல்லா இருப்ப தாயி."

ஆஸ்பத்திரிக்குப் போகும் ஆட்டோவில், மருத்துவரிடம் சொல்லவேண்டிய வாக்கியத்தை மனதுக்குள் மூன்று தடவை அமைத்தாள். வெள்ளிக்கிழமை ஆய்வேடு கொடுக்க வேண்டும். சொன்னால் விசாரணை வரும், ஆய்வகத்துக்குப் பூட்டு விழும். அக்காவின் விரல்கள் கண்முன்னே இருக்கும்போதும் அந்த வெள்ளிக்கிழமை நினைப்பை விட்டுப் போகமாட்டேன் என்றது. சே, என்ன பிறவி நான் என்று நினைத்தாள்.

மருத்துவர் இளைஞர். வெளியே நீண்ட வரிசை.

"என்ன பட்டுச்சு?"

இவள் வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டாள்.

"பாத்ரூம் கழுவுத ஆசிட்டுதான் சார். நேத்து ஊத்திக் கழுவினேன்."

"லேப்ல வேற எதையும் தொட்டீங்களா?"

"தொட்டேன். ஆனா அது ஒண்ணும் பண்ணாது சார். இந்தப் பிள்ளதான் சொல்லிச்சு. பெரிய படிப்பு படிக்குது."

சொல்லும்போது அக்காவின் முகத்தில் கொஞ்சம் பெருமை இருந்தது.

மருத்துவர் எழுதத் தொடங்கினார். தீப்புண் களிம்பு, வலி மாத்திரை. மூன்று நாள் கழித்து வந்தால் போதுமாம். மூன்று நாளில் அந்த விரல்கள் என்ன ஆகும் என்று அந்த அறையில் இவள் ஒருத்திக்குத்தான் தெரியும். வாயை மூடிக்கொண்டு சீட்டை வாங்கினால் போதும், எல்லாம் பாத்ரூம் ஆசிட் தலையில் போய்விடும்.

சீட்டை நீட்டியபடி அவர் இவளைப் பார்த்தார்.

"நீங்க இவங்களுக்கு என்ன வேணும்?"

இவள் சீட்டை வாங்கவில்லை.

"குடுவையைக் கழுவச் சொன்னவ சார். அது பாத்ரூம் ஆசிட் இல்ல. ஹைட்ரோபுளோரிக். ஒண்ணும் பண்ணாதுன்னு சொன்னதும் நான்தான்."

மருத்துவர் எழுந்துவிட்டார். கதவைத் திறந்து நர்ஸைக் கூப்பிட்டார். கால்சியம் ஊசி, உடனே, என்றார். வராந்தாவில் ஸ்ட்ரெச்சர் உருளும் சத்தம் கேட்டது.

அக்காவுக்குப் பாதிதான் புரிந்திருக்கும். திட்டுவாள் என்று இவள் காத்திருந்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது.

அக்கா நல்ல கையால் இவள் கையை எடுத்தாள். உள்ளங்கையைத் திருப்பினாள். விரல் விரலாகப் பார்த்தாள்.

"நீயும் அதத் தொட்டிருப்பல்லா. ஒனக்கு ஒண்ணும் ஆவலையே?"

இவள் கையில் ஒரு கீறல்கூட இல்லை.