வேதாந்தத்துக்கு ஒரு மெமோ

"எங்கப்பாவுக்கு மெமோ குடுக்க நீங்க யாரு மேடம்?"

அப்பாவின் கட்டிலருகே கிடைத்த காகிதத்தை மேஜைமேல் அடித்து வைத்தான் பத்ரி. மூன்று வாரம் கழித்து இன்றுதான் அப்பாவைப் பார்க்க வந்திருந்தான். வந்ததும் வராததுமாக இது கண்ணில் பட்டுவிட்டது.

மயூர் விஹார் முதியோர் இல்லத்தின் மேனேஜர் சுஜாதா நிமிர்ந்து பார்த்தாள்.

"உக்காருங்க சார். தண்ணி குடிங்க."

"தண்ணி இருக்கட்டும். இதைப் படிங்க. '14-ஆம் தேதி காலை 10 மணி முதல் பிற்பகல் 1 மணி வரை, முன் அனுமதியின்றி இருக்கையில் இல்லை. மூன்று நாட்களுக்குள் விளக்கம் தரவும்.' கீழே உங்க கையெழுத்து! அவருக்கு எண்பத்தோரு வயசு. மினிஸ்ட்ரியில முப்பத்தேழு வருஷம் வேலை பார்த்து செக்‌ஷன் ஆபீஸரா ரிடையர் ஆனவர். சர்வீஸ்ல ஒரு மெமோ வாங்கினதில்லை!"

"அதை அவரும் சொன்னார்," என்றாள் சுஜாதா.

அந்த நிதானம் பத்ரியை இன்னும் கிளப்பிவிட்டது.

"ஓய்வா இருக்கணும்னுதானே இங்க சேர்த்தேன்? பொழுது போறதுக்குக் கலரிங் புக், பென்சில் எல்லாம் நானே ஆன்லைன்ல ஆர்டர் பண்ணி அனுப்பினேனே!"

சுஜாதா டிராயரைத் திறந்து அந்தப் புத்தகத்தை எடுத்து நீட்டினாள். முதல் பக்கத்தில் ஒரு மயில், வண்ணம் படாமல் நின்றது. ஓரத்தில் அப்பாவின் குண்டு குண்டு எழுத்து: 'பார்வையிட்டேன். நடவடிக்கை தேவையில்லை.' கீழே இனிஷியல், தேதி.

"வந்த புதுசுல ரெண்டு மாசம் சுவத்தைப் பார்த்துத் திரும்பிப் படுத்தே கிடந்தார் சார். பஜனைக்கு வரமாட்டார். பந்து தூக்கிப் போடற விளையாட்டுக்குக் கூப்பிட்டா கண்ணை மூடிக்குவார். ஒரு இட்லிக்கு மேல இறங்காது. இந்த மயில் பக்கத்தைப் பார்த்ததும்தான் எனக்குப் புரிஞ்சுது. மறுநாளே ஒரு ஃபைலைக் கட்டி அவர் முன்னாடி வெச்சேன்."

"வயசானவரை ஏமாத்த ஒரு பொய் ஃபைலா?"

"நிஜ ஃபைல்தான். வாங்க, காட்டறேன்."

மாடிப்படியை ஒட்டிய சின்ன அறை. கதவில் 'குறைதீர்ப்புப் பிரிவு, 10 - 1' என்று போர்டு. உள்ளே அப்பா இஸ்திரி போட்ட சட்டையும் பையில் பேனாவுமாக உட்கார்ந்திருந்தார். இல்லத்தில் இருப்பவர்கள் எட்டுப் பத்துப் பேர் அவர் மேஜையைச் சூழ்ந்து நின்றார்கள். எல்லாருக்கும் முன்னால் ருக்கு மாமி, கையைப் பிசைந்தபடி.

சுஜாதா தாழ்ந்த குரலில் சொன்னாள். "மாமிக்கு விரல் ரேகை தேஞ்சு போச்சு. உயிரோட இருக்கேன்னு வருஷா வருஷம் மெஷின்ல விரல் வைக்கணுமில்ல, அது ஏத்துக்கலை. வீட்டுக்காரரோட பென்ஷன் நின்னுடுச்சு. அவங்க பிள்ளை ரெண்டு தடவை அலைஞ்சுட்டு விட்டுட்டார். உங்கப்பா விடலை. பதினோரு லெட்டர் போட்டார். இன்னிக்குப் பதில் வந்திருக்கு."

அப்பா கடிதத்தை ஆங்கிலத்தில் ஒரு வரி விடாமல் படித்தார். பிறகு மாமிக்காகத் தமிழில் சொன்னார்.

"ருக்மணி அம்மாள் உயிருடன் இருக்கிறார் என்பது ஏற்றுக்கொள்ளப்படுகிறது. பென்ஷனை உடனே மறுபடி வழங்க உத்தரவு."

அறை அதிர்ந்தது. "ஷாபாஷ் வேதாந்தம்ஜி!" என்று கூட்டத்திலிருந்த சர்மாஜி மேஜையைத் தட்டினார்.

"நான் உயிரோட இருக்கேன்! கவர்ன்மென்டே சொல்லிடுத்து!" மாமி சிரித்துக்கொண்டே அழுதாள்.

அப்பா ஃபைலில் 'முடிந்தது' என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டார். முகமெல்லாம் சிரிப்பு. அம்மா போனபிறகு அப்பா இப்படிச் சிரித்துப் பத்ரி பார்த்ததே இல்லை. பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனாலும் அந்த மெமோ உறுத்தியது.

"அப்பா, எல்லாம் சரி. உங்களுக்கே மெமோ குடுக்கற இடத்துல நீங்க இருக்க வேண்டாம். கிளம்புங்கோ, ஆத்துக்குப் போலாம்."

"எங்க கிளம்பறது? இருபத்திரண்டு ஃபைல் பெண்டிங்!"

"அப்போ அந்த மெமோ?"

"அதை டிராஃப்ட் பண்ணினதே நான்தான்டா. இந்தப் பொண்ணு கையெழுத்துப் போட மாட்டேன்னு அடம் பிடிச்சா. நான் விடலை."

பத்ரி திகைத்தான். "உங்களுக்கு நீங்களே மெமோவா?"

"அரைமணி லேட்டா வந்தார்னு தபால் அனுப்பற நம்ம டிஸ்பாட்ச் சர்மாஜிக்கு ஒண்ணு குடுத்தேன். நான் மூணு மணி நேரம் சீட்ல இல்லை. அவருக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா? ஆபீஸ்னா ஆபீஸ்தான்."

பத்ரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோபமெல்லாம் போன இடம் தெரியவில்லை. சுஜாதாவிடம் கைகூப்பி மன்னிப்புக் கேட்டான்.

"சரிப்பா, விளக்கம் குடுத்தேளா இல்லையா?"

"மூணு நாள் கெடு. ரெண்டாம் நாளே குடுத்தாச்சு. அதோ, அந்த ஃபைல்ல இருக்கு பார்." அப்பா அடுத்த ஃபைல் கட்டைப் பிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

பத்ரி சிரித்துக்கொண்டே ஃபைலைப் புரட்டினான்.

'14-ஆம் தேதி காலை பத்து மணிக்கு வருவதாக மகன் போனில் சொல்லியிருந்தபடியால், கேட்டருகே நாற்காலி போட்டுக் காத்திருந்தேன். அவன் வரவில்லை. பிரிவில் இத்தனை வேலை இருக்கையில் அப்படிக் காத்திருந்தது என் தவறு. இனி இவ்வாறு நிகழாது.'