பத்து விநாடி அவகாசம்

"நூத்தி முப்பத்தேழு. மறுபடியும் நூத்தி முப்பத்தேழு. இந்த எண்ணைப் பார்த்தாலே குமட்டுது" என்றாள் சுனில்டா.

டெர்லிஸ் கொம்புக் குவளையில் இருந்த தெரெரே என்னும் குளிர்பான இலையின் மேல் ஐஸ் தண்ணீரை ஊற்றி அவளிடம் நீட்டினான். அணித் தலைவனே ஊற்றிக் கொடுப்பது அந்த அலுவலகத்தில் வழக்கமில்லை. கொஞ்ச நாளாகத்தான் இப்படி.

"நன்றி சொல்லிட்டேன், டெர்லிஸ். நன்றின்னா போதும்னு அர்த்தம். நிறுத்தச் சொன்னா உனக்குக் காதுல விழாதா?"

"வெயில் ஜாஸ்தியா இருக்கு. குடி."

"எனக்குத் தண்ணி வேணாம். பதில் வேணும்."

அசுன்சியோனிலிருந்து கிளம்பும் பேருந்துகளுக்குப் பயணச்சீட்டு விற்கும் மென்பொருள் அவள் எழுதியது. அது ஒரு கன்டெய்னருக்குள், மூடிய அறைக்குள் இருப்பதுபோல, தனியாக ஓடும். புதிய பதிப்பைப் போடும்போதெல்லாம் ஓடிக்கொண்டிருக்கும் கன்டெய்னரை நிறுத்த வேண்டும். நிற்கும்போது அது கடைசியாக ஒரே ஒரு எண்ணை விட்டுவிட்டுப் போகும். பூஜ்யம் என்றால், வேலையை முடித்துவிட்டுத் தானாகப் போனது. நூற்று நாற்பத்து மூன்று என்றால், போகச் சொன்னார்கள், போனது. நூற்று முப்பத்தேழு என்றால் கொன்றுவிட்டார்கள்.

ஒவ்வொரு முறையும் கொலைதான். பாதி பதிவான இருக்கைகளும் கூடவே செத்தன. நேற்று என்கார்னசியோன் போன பேருந்தில் ஒரே இருக்கையை இரண்டு பேருக்கு விற்றிருந்தார்கள். இருவரும் விட்டுக்கொடுக்காமல் நெருக்கியடித்து உட்கார்ந்தே போனார்களாம்.

"மேலிடத்துல என்ன பேசிக்கிறாங்க தெரியுமா? சுனில்டாவோட புரோகிராம் மெமரியைத் தின்னு வீங்கிச் சாகுதாம். வர்ற திங்கக்கிழமை என் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கணும். அதுக்குள்ள இது என் தப்பில்லைன்னு காட்டலேன்னா என் வேலை போச்சு."

டெர்லிஸ் ஜன்னல் பக்கம் திரும்பினான். அங்கே பார்ப்பதற்கு எதிர் வீட்டுச் சுவரைத் தவிர ஒன்றுமில்லை.

"இன்னிக்கு விட்டுடேன், சுனில்டா. வீட்டுக்குப் போய்த் தூங்கு."

"இந்த வாரம் பூரா இதேதான் சொல்றே. விட்டுடு, சாப்பிடு, தூங்கு. நீ என் தலைவனா, என் அம்மாவா?"

பக்கத்து மேஜை ஆராமி தலையைத் தூக்கினாள். "அவன் மூஞ்சியைப் பாரேன். செத்தது உன் புரோகிராம், துக்கம் என்னவோ அவனுக்கு."

சுனில்டா சிரிக்கவில்லை. கன்டெய்னரை மறுபடி ஓடவிட்டாள்.

"இங்க பாரு. மெமரி பாதிகூட நிறையல. வயிறு வெடிச்சு ஒண்ணும் சாகல. இப்ப நிறுத்தச் சொல்றேன்."

கட்டளையைத் தட்டினாள். ஒன்றும் நடக்கவில்லை. மூவரும் திரையையே பார்த்தார்கள். பத்தாவது விநாடியில் கன்டெய்னர் செத்தது. நூற்று முப்பத்தேழு.

"எப்பவும் அதே பத்து விநாடி. முதல்ல மரியாதையா, கிளம்புன்னு சொல்றாங்க. பத்து விநாடி அவகாசம் தர்றாங்க. அப்பவும் போகலேன்னாதான் வெட்டு. என் புரோகிராமுக்கு அரை விநாடி போதும். கையில இருக்கிற பதிவை முடிச்சிட்டு, கதவைச் சாத்திட்டுப் போயிடும். நான்தானே எழுதினேன். ஆனா இது அசையக்கூட மாட்டேங்குதே, ஏன்?"

டெர்லிஸ் குவளையைக் கையில் சுற்றிக்கொண்டிருந்தான்.

அவள் வேறொரு கோப்பைத் திறந்தாள். படித்தாள். பெருமூச்சு விட்டாள்.

"அட கடவுளே. உள்ளே முதல் ஆளா நிக்கிறது என் புரோகிராமே இல்ல. அதைத் தொடங்கி வைக்கிற இந்தச் சின்ன ஸ்கிரிப்ட். கிளம்புங்கிற சேதி இவன்கிட்டதான் வருது. இவன் அதை வாங்கிக்கிட்டு மரம் மாதிரி நிக்கிறான். உள்ளே இருக்கிறவகிட்ட ஒரு வார்த்தை சொல்லல. அவ பாவம், கழுத்துல கத்தி விழற வரைக்கும் சீட்டு வித்துக்கிட்டிருக்கா."

"சரி பண்ண முடியுமா?" என்று கேட்டாள் ஆராமி.

"ஒரே ஒரு சொல் சேர்த்தா போதும். இவன் இடத்தை விட்டு விலகிடுவான், சேதி நேரா அவகிட்ட போயிடும். இதை எழுதின மகராசன் யாருன்னுதான் தெரியணும்."

"நான்தான்" என்றான் டெர்லிஸ்.

சுனில்டா அவனையே பார்த்தாள். திட்டத்தான் வாயெடுத்தாள். ஆனால் அதற்குள் மனசு லேசாகிவிட்டது.

"அப்போ என் தப்பில்ல."

"உன் தப்பில்ல."

"இதை மேல போய்ச் சொல்லுவியா?"

அவன் சட்டைப் பையில் கைப்பேசி அதிர்ந்தது. எடுக்கவில்லை.

"சொல்லேன்ப்பா. வாயில சீபா ரொட்டியா அடைச்சு வச்சிருக்கே?"

டெர்லிஸ் கைப்பேசியைப் பையோடு சேர்த்து அழுத்திப் பிடித்தான்.

"நீ இப்படியே நில்லு. நான் அந்தச் சொல்லைச் சேர்க்கிறேன்" என்று விசைப்பலகை பக்கம் திரும்பினாள். இரண்டு எழுத்து அடிப்பதற்குள் திரை கறுத்தது.

"கரண்ட் போச்சா?"

ஆராமியின் திரை எரிந்துகொண்டிருந்தது. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. சுனில்டாவின் திரையில் மட்டும் ஒரு வரி வந்து நின்றது: இந்தப் பயனருக்கு அனுமதி இல்லை.

டெர்லிஸ் குவளையைக் கீழே வைத்தான்.

"இந்த வேலையில உனக்கு இன்னிக்கு வரைக்கும்தான் அவகாசம்னு, போன திங்கக்கிழமையே உன்கிட்ட சொல்லச் சொன்னாங்க" என்றான்.