காலையில் எழுப்பி விடு

"இந்த மருந்து ஏறிட்டா இனிமே முழிப்பு வராது. அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடலாமே" என்றார் டாக்டர், அறைக்கு வெளியே.

"வேண்டாம் டாக்டர். அப்பாவுக்கு என்ன வியாதின்னே நாங்க சொல்லல. இப்பப் போய்ச் சொன்னா பயந்துடுவார். மூச்சுக்குத் தவிக்கிறதைப் பாக்க முடியல" என்று மகன் கையெடுத்துக் கும்பிட்டான்.

டாக்டர் அரை மனதோடு உள்ளே போனார்.

மகன் கட்டிலோரம் உட்கார்ந்து சிரிப்பை வரவழைத்துக்கொண்டான். "சத்து ஊசிப்பா. நல்லாத் தூங்கி எழுந்தா இந்த இரைப்பு சரியாயிடும்."

"அப்படியா? காலையில எழுப்பி விடு. சவரம் பண்ணிக்கணும்" என்றார் அப்பா.

நம்பிவிட்டார். மகனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

டாக்டர் ஊசியை அழுத்த, மருந்து மெல்ல இறங்கத் தொடங்கியது. அப்பா அவன் கையைத் தேடிப் பிடித்தார்.

"உங்கம்மாவுக்கும் கடைசியா இந்த ஊசிதான். நானும் இதே பொய்யைத்தான் சொன்னேன். 'காலையில எழுப்பி விடுங்க, தலைக்குக் குளிக்கணும்'னு சொன்னா அவ. நம்பினவளை ஏமாத்தி அனுப்பிட்டோமேன்னு அன்னிலேருந்து எனக்கு நல்ல தூக்கமே இல்லடா."

மகன் அவர் முகத்தருகே குனிந்தான். "அப்பா..."

"இன்னிக்குத்தான் தெரிஞ்சுது." அவருக்கு நாக்குக் குழறியது. "அவ நம்பவே இல்ல. என் மூஞ்சியைப் பார்த்துட்டு, பாவம்னு அப்படிச் சொல்லியிருக்கா."

அவர் கண் சொருகியது. மகன் பதறித் திரும்பி டாக்டரைப் பார்த்தான்.

டாக்டர் கையிலிருந்த ஊசி காலியாகியிருந்தது.